அறிவுக்குப் பூட்டுப் போடாத மேதை

விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் வாழ்க்கைச் சரிதம்



வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு இரகசியம் என்பது புதிதல்ல. துணிக்கட்டின் மீது கொள்முதல் விலையை எண்ணால் எழுதாமல், நமக்கு மட்டும் விளங்கும் எழுத்துக்களால் குறித்து வைப்பது நம் கடைகளில் நெடுநாளைய வழக்கம். எந்தச் சரக்கை எங்கே வாங்கினோம், என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் நாம் சொல்வதில்லை. அவரும் நம்மிடம் சொல்வதில்லை. இதில் குற்றம் ஒன்றுமில்லை. கொண்டு விற்கிறவன் தன் முதலைக் காத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

ஆனால் சரக்கு வேறு, அறிவு வேறு. ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்துவிட்டால் நம்மிடம் ஒரு மூட்டை குறைகிறது. ஓர் அறிவைக் கொடுத்தால் நம்மிடம் எள்ளளவும் குறைவதில்லை. வாங்கினவரிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. அப்படியிருக்க, மனித குலத்துக்குப் பயன்படும் ஓர் உண்மையை ஒருவர் கண்டுபிடித்தால், அதைச் சரக்கைப் போலக் கிட்டங்கியில் வைத்துப் பூட்டி விலை பேசலாமா? அல்லது எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையினாலேயே விடை சொல்லிச் சென்றவர் வங்காளத்து விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் அவர்கள். அன்னார் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்வது நம் பெரியோர்கள் காட்டிய வழியாகையால், அன்னாரின் சரிதத்தை நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிறப்பும் பள்ளியும்

போஸ் அவர்கள் 1858-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அவருடைய பரம்பரை ஊர் டாக்காவை அடுத்த விக்ரம்பூர்ப் பகுதியிலுள்ள ராரிகால் என்னும் கிராமமாகும். இன்று அது பங்களாதேஷ் நாட்டில் இருக்கிறது. தந்தையார் பகவான் சந்திர போஸ் சர்க்காரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர்.

அக்காலத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தம் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்ப்பதையே கௌரவமாக எண்ணினார்கள். பகவான் சந்திரரோ தம் மகன் முதலில் தாய்மொழியையும் தம் மக்களையும் அறிய வேண்டும் என்று கருதி, பரீத்பூரில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் வங்காளிப் பள்ளியில் அவரைச் சேர்த்தார். அப்பள்ளியில் சிறுவர் ஜகதீசருக்கு ஒரு பக்கம் தம் தந்தையின் முஸ்லிம் சேவகருடைய மகன் உட்கார்ந்திருந்தான். மறுபக்கம் ஒரு மீனவரின் மகன் உட்கார்ந்திருந்தான். மீன்களையும் பறவைகளையும் நீர்ப்பிராணிகளையும் பற்றி அப்பிள்ளைகள் சொன்ன கதைகள்தாம் இயற்கையை ஆராயும் ஆவலைத் தம் உள்ளத்தில் விதைத்தன என்று போஸ் அவர்கள் பிற்காலத்தில் ஒரு மாநாட்டில் நினைவுகூர்ந்திருக்கிறார். பள்ளி விட்டதும் அத்தோழர்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். அவருடைய தாயார் ஆசாரமுள்ள மாதராக இருந்தும், மூவருக்கும் வேற்றுமை பாராமல் உணவளிப்பாராம்.

இதனை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. உலகம் போற்றும் அந்த விஞ்ஞானிக்கு முதல் பாடத்தைக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒரு முஸ்லிம் ஏழைச் சிறுவனும் இருந்தான். இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடுக்கும் குணம் அங்கேயே அவருள் வேரூன்றியிருக்கலாம்.

பின்னர் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும், செயின்ட் சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லபோன் பாதிரியார் என்னும் ஆசிரியர் பௌதிக சாஸ்திரத்தில் அவருக்கு ஊக்கமூட்டினார். 1880-இல் வைத்தியம் படிக்கச் சீமைக்குச் சென்றார். ஊரிலிருந்தே பிடித்திருந்த காய்ச்சல் அங்கும் விடாமல் வாட்டியதால் வைத்தியப் படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். ரேலே பிரபு என்னும் பெரும் விஞ்ஞானி அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

சம்பளமில்லாத மூன்று ஆண்டுகள்

1885-இல் தாய்நாடு திரும்பிய போஸ் அவர்களுக்குக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆனால் இந்தியருக்கு ஐரோப்பியப் பேராசிரியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பது அந்நாளைய விதி. அவருடைய நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே ஒரே வேலைக்கு ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் ஒரு பங்கே அவர் கைக்கு வரும்.

அன்னார் சண்டையிடவுமில்லை, வேலையை விட்டுப் போகவுமில்லை. சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டு, நாள் தவறாமல் வகுப்பெடுத்தார். இவ்விதம் ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, மூன்று ஆண்டுகள் கழிந்தன. அதே சமயம் தந்தையாருக்குப் பெருங்கடன் இருந்தது. பிறருக்கு உதவும் பொருட்டுத் தொழிற்சாலை, தேயிலைத் தோட்டம் என்று அவர் பணம் போட்ட முயற்சிகள் பல நஷ்டத்தில் முடிந்திருந்தன. 1887-இல் போஸ் அவர்கள் மணந்துகொண்ட அபலா அம்மையாரும் அந்தக் கஷ்டத்தில் பங்கு கொண்டார். அவ்வம்மையார் வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லாத காலத்தில், 1882-இல் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர்.

இறுதியில் கல்லூரித் தலைவரும் கல்வி இலாகா அதிகாரியும் அவருடைய திறமையை ஒப்புக்கொண்டு, நிரந்தர நியமனமும் மூன்று ஆண்டுச் சம்பளப் பாக்கி முழுவதும் கிடைக்கச் செய்தார்கள். பரம்பரைச் சொத்தை விற்றும், தம் சம்பாத்தியத்தைச் சேர்த்தும் தந்தையின் கடனை அன்னார் முழுவதும் அடைத்தார்.

சகோதரர்களே! இந்த இடத்தைச் சற்று கவனிக்க வேண்டுகிறோம். பணத்தின் அருமை தெரியாதவர் பணத்தை உதறித் தள்ளுவது பெரிதல்ல. போஸ் அவர்கள் கடனின் கசப்பைக் கண்டவர். தமக்கு நியாயமாக வரவேண்டிய சம்பளத்தில் ஒரு காசையும் விட்டுக்கொடுக்காமல் மூன்று ஆண்டு நின்று வாங்கியவர். அப்படிப்பட்டவர்தாம் பின்னால் பெருஞ்செல்வத்தை வேண்டாமென்று சொன்னார். உழைப்புக்குக் கூலி கேட்பது ஒன்று, அறிவுக்குப் பூட்டுப் போடுவது மற்றொன்று என்னும் வேறுபாட்டை அன்னார் நன்கு அறிந்திருந்தார்.

சிறு அறையில் பெரிய ஆராய்ச்சி

1894-இல், தமது முப்பத்தாறாவது பிறந்த நாளில், இனி ஆராய்ச்சிக்கே வாழ்வை அர்ப்பணிப்பது என்று முடிவு செய்தார். கல்லூரியில் ஆராய்ச்சிச் சாலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஒரு சிறு அறையை ஒழித்துக்கொண்டு, தகர வேலை செய்யும் ஒரு தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தம் சொந்தச் செலவில் கருவிகள் செய்யத் தொடங்கினார்.

அவர் ஆராய்ந்த விஷயம் மின்சார அலைகள். கண்ணுக்குத் தெரியாத இவ்வலைகள் உண்டென்று மாக்ஸ்வெல் என்பவர் கணக்கிட்டுச் சொன்னார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் 1888-இல் அவற்றை உண்டாக்கிக் காட்டினார். ஆனால் அவருடைய அலைகள் மிக நீளமானவை. பொன் நிறுக்க மூட்டை நிறுக்கும் தராசு உதவாததுபோல, மேசை மேல் வைத்துச் சோதிக்க அந்நீண்ட அலைகள் உதவவில்லை. போஸ் அவர்கள் 5 மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளை உண்டாக்கி, அவை ஒளியைப் போலவே வளைவதையும் திரும்புவதையும் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்திய பொருள்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். முறுக்கிய சணல் ஒரு கருவி. ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாளைச் செருகிய ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் மற்றொரு கருவி! நம் கடைகளில் கிடைக்கும் சாமான்களே அன்னாருக்குப் போதுமாயிருந்தன.

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் பலர் முன்னிலையில் ஒரு சோதனை நடத்தினார். தலைமை வகித்த லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் இடையிலிருந்த சுவர்களையும் ஊடுருவிச் சென்ற மின் அலை, 75 அடி தூரத்தில் இருந்த அறையில் மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. இடையில் கம்பி ஏதும் இல்லை. கம்பியில்லாத் தந்திக்கு வழி இவ்விதம் கல்கத்தாவிலேயே தென்பட்டது. மார்க்கோனி என்னும் இத்தாலிய இளைஞர் இங்கிலாந்தில் தம் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் செய்தது இதற்கு அடுத்த வருஷம், 1896 ஜூன் மாதத்தில்தான்.

மறைக்காத மனிதர்

1897 ஜனவரி 29-ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் அவர்கள் சொற்பொழிவு செய்தார். அறிஞர்கள் கூடிய அச்சபையில் தம் கருவிகளைத் திறந்து வைத்து, எதை எதனால் செய்தார், எப்படி இயங்குகிறது என்று ஒளிக்காமல் எடுத்துக் காட்டினார். மின்சாரத் தொழிலுக்கென்று லண்டனில் நடந்து வந்த ஒரு பத்திரிகை, இவர் தம் கருவியின் அமைப்பை ஒருபோதும் இரகசியமாக வைக்கவில்லையே, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பணம் பண்ணலாமே என்று வியந்து எழுதியது. அந்நாளில் அது பலருக்கு விளங்காத செயலாயிருந்தது.

1899-இல் இரும்பையும் பாதரசத்தையும் கொண்டு மின் அலையை உணரும் ஒரு கருவியைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். அதுவும் எல்லோரும் படிக்கத் திறந்து கிடந்தது. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்த முதல் சமிக்ஞையைக் கேட்டபோது அவர் வைத்திருந்ததும் இத்தாலியக் கடற்படையார் மூலம் வந்த ஒரு பாதரசக் கருவியே. அதன் மூலம் போஸ் அவர்களின் 1899-ஆம் ஆண்டுக் கட்டுரைதான் என்று 1998-இல் அமெரிக்காவின் மின் பொறியாளர் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. திறந்து வைத்ததை ஒருவர் எடுத்துப் பயன்படுத்துவது திருட்டாகாது. கொடுத்தவர் பெயரைச் சொல்லாமல் விடுவதே குறையாகும்.

வாசலுக்கு வந்த செல்வம்

நிற்க. 1901-ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இச்சரிதத்தின் உயிர்நிலை. போஸ் அவர்கள் மறுபடியும் லண்டனில் சொற்பொழிவு செய்யவிருந்தார். அதற்குச் சற்று முன்னர், பெயர் பெற்ற ஒரு தந்திக் கம்பெனியின் கோடீஸ்வர முதலாளி அவரை அவசரமாகச் சந்திக்க விரும்பித் தந்தி கொடுத்தார். நேரமில்லை என்று பதில் போயிற்று. முதலாளி தாமே புறப்பட்டு வந்துவிட்டார். கையில் காப்புரிமை விண்ணப்பத் தாள் தயாராக இருந்தது. இன்றைய சொற்பொழிவில் எல்லாவற்றையும் வெளியிட்டுவிட வேண்டாம், இதில் பெரும்பணம் இருக்கிறது, முதல் முழுவதும் நான் போடுகிறேன், இலாபத்தில் பாதி எடுத்துக்கொள்கிறேன், மீதிப் பாதி உங்களுக்கு என்று வேண்டினார்.

நாம் வியாபாரிகள். இப்பேச்சு நமக்கு விளங்கும். முதல் அவருடையது, வேலை இவருடையது, இலாபம் பாதிக்குப் பாதி. நம் மார்க்கம் அனுமதித்துள்ள முளாரபா என்னும் கூட்டு வியாபாரமும் ஏறத்தாழ இப்படிப்பட்டதுதானே? பேரத்தில் வஞ்சகமில்லை. ஆனால் அதனுள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. கூடியிருக்கும் அறிஞர்களிடம் உண்மையை முழுவதும் சொல்லாதே என்பதே அந்நிபந்தனை. அதாவது, இலாபத்தின் பொருட்டு அறிவை அடக்கி வை என்பது.

போஸ் அவர்கள் மறுத்துவிட்டார். அன்று சொல்ல இருந்ததை முழுவதும் சபையில் சொன்னார். சில நாள் கழித்துத் தம் ஆருயிர் நண்பர் கவி ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு, இன்னும் கொஞ்சம் இலாபம் சேர்க்க ஒரு கோடீஸ்வரர் பிச்சைக்காரரைப் போல வந்து நின்றதையும், அந்நாட்டில் பணத்தாசை மனிதரை ஆட்டி வைப்பதையும், அச்சுழலில் ஒருமுறை அகப்பட்டால் தமக்கு மீட்சியில்லை என்று தாம் அஞ்சியதையும் தெரிவித்தார்.

நண்பர்களின் வாதம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாமும் அறிவை மறைத்தவர்களாவோம். காப்புரிமைச் சட்டம் தீமைக்கென்று பிறந்ததல்ல. கண்டுபிடித்தவர் தம் இரகசியத்தைத் தம்மோடு கபுருக்குக் கொண்டு போகாமல் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பதிலாகச் சில ஆண்டுகள் அதன் பலனை அவர் அனுபவிக்கலாம் என்பதே அச்சட்டத்தின் கருத்து. நீங்கள் வேலி போடாவிட்டால் வேறொருவர் வந்து போட்டுக்கொள்வார் என்று ஒருவர் சொன்னால், அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

போஸ் அவர்களின் நலம் விரும்பிகளான நிவேதிதா அம்மையாரும், அமெரிக்க மாதான திருமதி ஸாரா புல் அவர்களும் விடாமல் வற்புறுத்தினர். அதன் பேரில், கலீனா என்னும் ஈயத் தாதுப்படிகத்தால் மின் அலையை உணரும் கருவிக்கு 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904 மார்ச் 29-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திப் பொருளைக் கொண்டு அமைந்த கருவிகளில் இதுவே முதற் காப்புரிமை என்று சொல்லப்படுகிறது. இன்று வானொலி, தொலைக்காட்சி, கணிப்பொறி, கைத்தொலைபேசி அனைத்தும் குறைகடத்திகளாலேயே இயங்குகின்றன. இப்படிப்பட்ட ஒரு வாசலின் சாவி அவர் கையில் இருந்தது. அவரோ அதைக் காசாக்க முயலவில்லை, காலாவதியாக விட்டுவிட்டார்.

பூட்டினால் என்ன நேர்ந்தது?

கம்பியில்லாத் தந்தி வியாபாரமாக வளர்ந்த கதையையும் பார்க்க வேண்டும். மார்க்கோனியும் அவர் கம்பெனியாரும் உழைத்துக் கருவிகளைச் செய்து கப்பல்களில் பொருத்தினார்கள். 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது எழுநூறு பேருக்கு மேல் உயிர் தப்பியதற்குக் கப்பலிலிருந்த கம்பியில்லாத் தந்தி காரணமாயிருந்தது. இலாபம் தேடும் முயற்சி இல்லாவிடில் ஆராய்ச்சி அறையிலிருந்த கருவி அத்தனை விரைவில் கடலுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆகவே வியாபாரத்தை இகழ நாம் வரவில்லை.

ஆனால் அதே கம்பெனி மற்றொன்றும் செய்தது. வேறு கம்பெனிக் கருவி பொருத்திய கப்பல் பேசினால், ஆபத்துக் காலம் தவிர மற்ற வேளைகளில் பதில் சொல்லக் கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தது. கருவி இருக்கிறது, காது இருக்கிறது, செய்தியும் வந்து விழுகிறது; ஆனால் எங்கள் சரக்கு வாங்காதவர் என்பதால் பேச மாட்டோம் என்றார்கள். நடுக்கடலில் செல்லும் கப்பலுக்குப் புயல் வருவதும் பாறை இருப்பதும் எந்தக் கம்பெனிக் கருவி என்று பார்த்தா வருகின்றன? இக்கொடுமையை நீக்க 1903-இல் பெர்லின் நகரில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடினார்கள். 1906-இல் மறுபடியும் அங்கே கூடி, கருவி எந்த முறையைச் சேர்ந்ததாயினும் கரையிலுள்ள நிலையங்கள் கப்பல்களின் செய்தியை ஏற்றே தீர வேண்டும் என்று உடன்படிக்கை செய்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம் முன்னோர்களுக்கு, இவ்வுடன்படிக்கையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டுபிடித்தவர் திறந்து வைத்த வாசலை வியாபாரம் சாத்தியது. அதை மறுபடி திறக்கப் பல சர்க்கார்கள் கூட வேண்டியதாயிற்று. சரக்கு விற்றது தவறல்ல. வாசலைச் சாத்தியதே தவறு.

இழந்ததும் பெற்றதும்

1909-இல் கம்பியில்லாத் தந்திக்காக நோபல் பரிசு மார்க்கோனிக்கும் ஜெர்மானியரான பிரௌன் என்பவருக்கும் வழங்கப்பட்டது. போஸ் அவர்களின் பெயர் அதில் இல்லை. உலகம் நெடுங்காலம் அவரை அத்துறையில் மறந்தே இருந்தது. அறிவைப் பங்கிட்டவர் அதற்கு விலை கொடுக்கவே நேர்ந்தது. அதை இல்லையென்று சொல்வது உண்மையாகாது.

அன்னாரோ அதற்குள் வேறு துறைக்குச் சென்றுவிட்டார். செடி கொடிகளும் வெப்பம், குளிர், அடி, மருந்து முதலியவற்றுக்கு மின் அசைவால் மறுமொழி தருகின்றன என்று சோதனைகளால் காட்ட முயன்றார். அவருடைய கட்டுரை ஒன்றை ராயல் சொசைட்டியார் அச்சிடாமல் நிறுத்தி வைத்தார்கள். பணத்துக்காக மட்டுமின்றி, தம் துறைக்குள் அந்நியர் நுழைகிறாரே என்னும் எண்ணத்தாலும் அறிவு அடக்கப்படுவதுண்டு. 1902-இல் லின்னேயன் சொசைட்டி என்னும் வேறொரு சபை அவர் ஆராய்ச்சியை வெளியிட்டது.

பயிர் வளரும் வேகத்தைப் பல இலட்சம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் அமைத்தார். அது உண்மைதானா என்று சிலர் ஐயப்பட்டபோது, 1920-இல் லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் அறிஞர்கள் முன் அதை வைத்து இயக்கிக் காட்டினார். அறிஞர்கள் பரிசோதித்துத் திருப்தியடைந்து பத்திரிகைக்கு எழுதினார்கள். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். செடிகளைப் பற்றி அன்னார் சொன்ன எல்லாவற்றையும் பிற்கால அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். சில ஏற்கப்பட்டன; சில மறுக்கப்பட்டன. எல்லாவற்றையும் திறந்து வைத்ததனால்தான் சரியானதைக் கொள்ளவும் தவறானதைத் தள்ளவும் முடிந்தது. பூட்டி வைத்த சரக்கில் புழு பிடித்தாலும் வெளியே தெரிவதில்லையே!

1915-இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் ஸாஹா போன்ற பெரும் விஞ்ஞானிகள் அக்கல்லூரியில் அவரிடம் படித்தவர்கள். 1917-இல் சர்க்கார் அவருக்கு ஸர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி, தமது பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். வாழ்நாள் முழுதும் சிக்கனமாயிருந்து சேர்த்த பணத்தை அதில் போட்டார். திறப்பு விழாவில் ஓர் உறுதி அறிவித்தார். இங்கே கண்டுபிடிப்பதெல்லாம் அச்சிட்டு வெளியிடப்படும், அவை பொதுச் சொத்தாகும், இங்கிருந்து ஒரு காப்புரிமையும் எடுக்கப்படமாட்டாது என்பதே அவ்வுறுதி. தமக்கு மட்டும் வைத்திருந்த கொள்கையை ஒரு நிலையத்துக்கே சட்டமாக்கினார். அந்நிலையம் இன்றும் அந்நகரில் நடைபெற்று வருகிறது.

1937 நவம்பர் 23-ஆம் தேதி, எழுபத்தொன்பதாவது வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் காலமானார். அவருக்குப் பின் அபலா அம்மையார் 1951-இல் மறையும் வரை பெண் கல்விக்காகத் தொண்டு செய்தார்.

காலம் ஒரு கணக்கப்பிள்ளை. பேரேட்டில் விடுபட்டதை என்றாவது ஒருநாள் ஏற்றாமல் விடாது. போஸ் அவர்களின் சிற்றலைச் சோதனைகளை 2012-இல் உலக மின் பொறியாளர் சங்கம் மின்துறையின் மைல்கல் என்று அறிவித்து, அவர் பணிபுரிந்த பிரசிடென்சி கல்லூரிக்கு அப்பெருமையை அளித்தது. அவர் 1890-களில் மேசை மேல் வைத்து விளையாடிய அதே மில்லிமீட்டர் அலைகளைத்தான் இன்றைய புதிய கைத்தொலைபேசி வலைப்பின்னல்களிலும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள்.

நமக்குள்ள பாடம்

சகோதரர்களே! இச்சரிதத்தைப் படித்தபோது நமக்கே சற்று வெட்கமாயிருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நாம் சிறுவயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு கடையில், கணக்குப் புத்தகம் இருக்கும் மேசைப் பக்கமே கடைப் பையன்கள் போகக் கூடாது. பேரேடு எழுதக் கற்றுக்கொண்டால் பையன் தனிக் கடை வைத்துவிடுவான் என்று அங்கே அச்சம். இரவு கடை கட்டிய பிறகு, குப்பையில் போட்ட பழைய பில் தாள்களை எடுத்துப் பார்த்துப் பார்த்து நாமாகவே கற்றுக்கொண்டோம். அன்று மனம் வெதும்பினோம். ஆனால் நாம் கடை வைத்த பிறகு என்ன செய்தோம்? நம்மிடம் இருக்கும் பையன் ஒருநாள், ஐந்தொகை எப்படிப் போடுவது முதலாளி என்று கேட்டான். மிளகாய் மூட்டையைப் பிரித்துக் கொட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தப் பிறகு வரவே இல்லை.

கொள்முதல் விலை நம் இரகசியம், அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கு எழுதும் முறை யாருடைய இரகசியம்? நல்ல சீரகத்தையும் கலப்படச் சீரகத்தையும் மோந்து பார்த்துப் பிரிப்பது யாருடைய சொத்து? நமக்கும் யாரோ சொல்லிக் கொடுத்ததுதானே? மதரஸாவில் நமக்கு அலிப் பே சொல்லித் தந்த உஸ்தாது, இவன் நாளை நம்மைவிட நன்றாக ஓதிவிடுவானோ என்று அஞ்சியிருந்தால் நம் கதி என்ன?

அறிவைக் கேட்டு வந்தவரிடம் அதை மறைப்பவருக்கு மறுமையில் கடும் தண்டனை உண்டு என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மனிதன் மவுத்தான பின்னும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவற்றில் பயன்தரும் கல்வியும் ஒன்று என்றும் போதித்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய இலாபக் கணக்கு வியாபாரிக்கு உண்டா? சரக்கு விற்ற இலாபம் கடை கட்டும்போது நின்றுவிடும். கற்றுக் கொடுத்த கல்வியின் இலாபம் கபுருக்குள்ளும் வந்து சேரும்.

இதை எழுதிய வாரத்திலேயே நம் பையனைக் கூப்பிட்டுப் பேரேட்டின் முன் உட்கார வைத்துவிட்டோம். பற்று எது, வரவு எது என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறோம். நாளை அவன் எதிர்க்கடை வைத்தாலும் வைக்கட்டும். ரிஜ்க் கொடுப்பவன் அல்லாஹ். நம் சங்க அன்பர்களும் தத்தம் கடையில் கற்றுக்கொள்ளக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்காவது தாம் அறிந்த ஒன்றைத் திறந்து கொடுக்கும்படி அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.

அறிந்ததை மறைக்காத மனத்தையும், அறிந்தபடி நடக்கும் தவ்பீக்கையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.